முழுத்தாடை எக்ஸ்ரே (ஓ.பி.ஜி) இல்லாமல் ஞானப்பல்லில் கைவைக்க விடாதீர்கள்

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு தனியார் பல் கிளினிக். என் தம்பிக்கு அங்கே நடந்ததைச் சொல்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

அவனுக்கு வயது 24. கீழ்த்தாடையின் கடைசியில் வலி, ஈறு வீக்கம், வாயைத் திறக்கவே சிரமம். ஞானப்பல் பாதி முளைத்து, மேலே ஈறு மூடியிருந்தால் அதற்கடியில் சாப்பாடு சிக்கிக் கிருமி சேர்ந்து இப்படி வீங்கும். இந்த வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தான். அவர்களோ சின்ன எக்ஸ்ரே ஒன்றை எடுத்துவிட்டு, அதற்கு முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லில் சொத்தை, ரூட் கெனால் செய்து கேப் போடணும் என்றார்கள். 2,200 வெள்ளி (ரிங்கிட்). சொத்தை பொய்யில்லை. பிரஷ் எட்டாத பின்பக்கத்தில் அது ஏன் வந்தது என்றுதான் யாரும் பார்க்கவில்லை.

கேப் போட்ட பிறகும் வலி. திரும்பப் போனால் ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, "பழகிடும் தம்பி" என்று ஆறுதல். அப்புறம் ஒருநாள், "ஞானப்பல்லைப் பிடுங்கிடலாம், பத்து நிமிஷ வேலை, இந்த வாரம் புரமோஷன்" என்றாராம் மருத்துவர். பல்லுக்குப் புரமோஷன்! அதைக் கேட்டதும் அவனை வேறிடத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே முதல் வேலையாக முழுத்தாடை எக்ஸ்ரே, அதாவது ஓ.பி.ஜி, எடுத்தார்கள். ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து, பக்கத்துப் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. இடையில் சிக்கிய உணவுதான் சொத்தைக்குக் காரணம். கேப்புக்குக் கீழே மறுபடியும் அரித்திருந்தது. அதைவிட, ஞானப்பல்லின் வேர் கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை ஒட்டி இருந்தது. படம் பார்க்காமல் பிடுங்கியிருந்தால் உதடு நிரந்தரமாக மரத்துப்போகவும் வாய்ப்புண்டு. வாய் அறுவை நிபுணர் பல்லைத் துண்டு துண்டாக்கி எடுத்தார். 2,200 வெள்ளி பல்லும் தப்பவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது என்று பதில். படிவத்தில் ஞானப்பல் பற்றி ஒரு வரி இல்லை.

சாய்ந்த ஞானப்பல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. தொல்லை தராததைக் கண்காணித்தபடி விட்டுவிடலாம். நாலையும் எடுக்கப் பேக்கேஜ் பேசினால் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். நரம்பு எங்கே ஓடுகிறது என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தேடலாம், சரி. தம்பிக்குக் கேப் போட்ட அந்த மருத்துவரும் அதில் இருப்பவர்தான்.

புகாரை முதலில் கிளினிக்கிடமே எழுத்தில் கொடுங்கள், பிறகு சுகாதார அமைச்சுக்கும் மன்றத்துக்கும். ரசீது, எக்ஸ்ரே நகல், படிவம் மூன்றும் கையில் இருக்கட்டும். நகல் தர மறுத்தால், அந்த மறுப்பையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.