அரைச் சுற்றா, புது வீல்பொக்ஸா: மலைநாட்டு மழையில் ஒரு எம்ஜிபி

இலங்கை மலைநாட்டு வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். என்னிடம் இருக்கும் எம்ஜிபி என்ற 1966ஆம் ஆண்டு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின் வைப்பருக்கோ ஒரே ஒரு வேகம்தான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஹட்டனில் குடியிருப்பது என் தலையெழுத்து. ஒரு தென்மேற்குப் பருவத்தில் கினிகத்தேனையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தபோது இடப்பக்க வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. வலப்பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏதோ கடமைக்கு ஆடியது. ஓரமாக நிறுத்தி நிறுத்தித் துணியால் துடைத்துத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாளே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மோட்டரை மாற்று, கொழும்பில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடு, லேத்தில் கொடு, இங்கிலாந்திலிருந்து எடுப்பி. கண்ணாடியில் ஏதோ திரவம் பூசினால் வைப்பரே தேவையில்லை என்று சொன்னவரும் உண்டு. அவர் கொழும்பில் இருப்பவர், மன்னித்துவிட்டேன். மற்ற யோசனைகளில் மூன்றை நானே செய்து பார்த்தேன், இரண்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இதே தலைவலி உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லூகாஸ் கம்பனியின் வைப்பர் மோட்டருக்குள் ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. அது சுருள் கம்பி சுற்றிய ஒரு நீளக் கேபிளை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுகிறது. இதற்குப் பெயர் ரெக். இந்த ரெக் ஒரு குழாய்க்குள் ஓடி, டேஷ்போட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு வீல்பொக்ஸ்களைக் கடந்து போகிறது. வீல்பொக்ஸ் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கூடு. உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம், அதன் நடுவிலிருந்து ஒரு தண்டு. அந்தத் தண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து வைப்பர் கையைப் பிடித்துக்கொள்கிறது. மோட்டர் கைக்கு எட்டும். ரெக்கை மோட்டரோடு சேர்த்து உருவி எடுக்கலாம். வீல்பொக்ஸ்தான் எட்டாது. அறுபது வருட ஈரமும் காய்ந்த கிரீஸும் போய்ச் சேர்வதும் அங்கேதான்.

எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வந்து பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: “மோட்டர பேசாம விடுங்க தம்பி. அது பாவம், தள்ள முடியாம தள்ளுது.” அவர் சொன்னதை அளந்தே பார்க்கலாம். வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, மோட்டரிலிருந்து ரெக்கைப் பிரித்து, அதன் நுனியில் ஒரு சுருள்தராசை மாட்டி இழுக்க வேண்டும். 6 இறாத்தலுக்கு, அதாவது சுமார் 2.7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய வேர்க்‌ஷொப் கைநூலின் கணக்கு. கொழுந்து நிறுக்கும் தராசில் இந்த அளவு சரியாகத் தெரியாது. மீன்காரரிடம் ஒரு சின்னத் தராசு இரவல் வாங்கினேன். ஐந்து கிலோவைத் தாண்டி நின்றது முள். அன்றிலிருந்து எந்த யோசனையையும் அந்தத் தராசில்தான் நிறுத்துப் பார்த்தேன்.

சரி, முதலாவது யோசனை அரைச் சுற்று. செலவு ஒரு டப்பா கிரீஸ், ஒரு பிற்பகல். வைப்பர் ஒரு முழு வட்டம் அடிப்பதில்லை அல்லவா? ஆகவே வீல்பொக்ஸில் உள்ள பல்சக்கரத்தின் ஒரு பக்கப் பற்கள்தான் வாழ்நாள் முழுக்கத் தேய்கின்றன. எதிர்ப்பக்கப் பற்களை ரெக் தொட்டதே இல்லை. மோட்டரை ரெக்கோடு வெளியே உருவிவிட்டு, வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கையால் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பி, ரெக்கைத் துடைத்துப் புதுக் கிரீஸ் போட்டுத் திரும்பச் செருகினால், தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். டேஷ்போட்டைத் தொடவே வேண்டாம். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வேலை இந்தக் காரில் வேறொன்று இல்லை. தாண்டித் தாண்டி நின்ற இடப்பக்க வைப்பர் அன்று மாலையே ஒழுங்காக ஆடியது.

ஆனால் தராசு நாலில் நின்றது. பல் புதிதானாலும் தண்டு பழையதுதானே. அது ஓடும் புஷ் என்ற உலோக வளையத்துக்குள் துரு. வெளியே உள்ள றப்பர் கல்லாகி வெடித்திருந்ததால் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தண்டு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. நுவரெலியாப் பக்கம் மார்கழிக் குளிரில் வண்டியை எடுத்தால் பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகி, முதல் ஐந்து நிமிடம் வைப்பர் தூக்கத்தில் நடப்பதுபோல நடக்கும். ஆக, பல் மட்டும் தேய்ந்திருந்தால் அரைச் சுற்று போதும். வைப்பர் கையைப் பிடித்து அசைத்தால் தண்டு லொடலொடவென்று ஆடுகிறதா? அப்படியானால் அரைச் சுற்று சில மாத நிம்மதிதான். எனக்கு எட்டு மாதம் தந்தது.

இரண்டாவது, லேத். மலைநாட்டில் இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் பாகம் கடைந்து கடைந்து கை பழகியவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். இப்போதும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். பழைய கூட்டுக்குப் பித்தளையில் புது புஷ் கடைந்து போட்டால் தண்டின் ஆட்டம் நின்றுவிடும். கூலியும் கம்மி. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்த வழிதான் பலருக்கும் கண்ணில் பட்டது.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, புஷ் போட வேண்டுமென்றால் வீல்பொக்ஸை முதலில் வெளியே எடுக்க வேண்டும். எட்டாத இடத்துக்குள் கையை விடும் பாடு அப்படியே இருக்கிறது. மிச்சமாவது பாகத்தின் விலை மட்டும். மற்றது, தண்டின் நுனியில் வைப்பர் கை பிடிக்கும் நுண்ணிய பல்வரி. என்னுடையது தேய்ந்திருந்ததால், ஒரு பட்டறையில் புதுத் தண்டே கடைந்து தந்தார்கள். பல்வரியை வெட்டாமல், கைப்பிடிகளுக்குப் போடுவதுபோல உருளை வைத்து அழுத்திய சொரசொரப்புத்தான் அதில் இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றுதான். றம்பொடை வளைவுகளில் சாரல் பலத்தபோது வைப்பர் கை தண்டில் வழுக்கிச் சுற்றி, போனட்டின்மேல் படுத்துக்கொண்டது. பெயின்டில் கீறல் இன்னும் இருக்கிறது. லேத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. புஷ்ஷுக்கு லேத் நல்ல வழி, தண்டுக்கு இல்லை.

பஞ்சிகாவத்தைப் பயணத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மொரிஸ் மைனரிலும் பழைய மினியிலும் இருப்பது இதே லூகாஸ் குடும்பத்து ரெக்தான், நம் நாட்டில் அந்த வண்டிகளுக்கும் குறைவில்லை. ஆனால் தண்டின் நீளமும் அது உடம்பிலிருந்து வெளிவரும் சாய்வும் காருக்குக் கார் வேறு. பல்சக்கரம் பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கிவந்தால் வெளியே நட்டு ஏறாது. அதோடு, அதுவும் அறுபது வருடப் பழசுதான். ஒருவருடைய தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்கி நம் தேய்மானத்துக்குப் பதிலாகப் போடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

லூகாஸின் இரண்டு வேகமுள்ள 14டபிள்யூ மோட்டருக்கு ஆசைப்படாதவர் யார்? 1967 கடைசியில் வந்த மார்க் டூ எம்ஜிபியிலிருந்து அதுதான். சாதாரண வேகத்தில் நிமிடத்துக்கு 46 முதல் 52 சுற்று, வேகமாக 60 முதல் 70. வட்டவளைக்கு அந்த இரண்டாவது வேகம் வரப்பிரசாதம்தான். ஆனால் என் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடம்போடு இணைந்தது. 14டபிள்யூவோ நிலைக்காந்த மோட்டர். மின்சாரத்தை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிச் சுற்றும். வயரிங்கை மாற்ற வேண்டும், ஸ்விட்சை மாற்ற வேண்டும். வேறொரு காரிலிருந்து கழற்றிய மோட்டர் என்றால் உள்ளே உள்ள பல்சக்கரத்தின் கோணம் நமக்குச் சரியா என்றும் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம்: இறுகிப்போன வீல்பொக்ஸில் பலமான மோட்டரைப் பூட்டினால் மிச்சமிருக்கும் பல்லும் சீக்கிரம் போய்விடும். தராசு 2.7க்குக் கீழே வந்த பிறகு இதை யோசிக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

கடைசியில் புது வீல்பொக்ஸ் இரண்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். தபால் செலவும் தீர்வையும் சேர்ந்து பாகத்தின் விலையைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தன. அதோடு புது றப்பர், குரோம் நட்டு, புது ரெக். ரெக்கை மிச்சம் பிடிக்காதீர்கள். தேய்ந்த ரெக் புதுப் பல்லையும் தின்றுவிடும். வந்ததும் பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்டின் நீளம், நட்டின் மரை, பல்வரியில் வைப்பர் கை இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே பூட்டிய பிறகு இது தெரியவந்தால் அழுகைதான் வரும்.

இனி உள்ளே போகும் வழி. இங்கேயும் இரண்டு கட்சி. டேஷ்போட்டை முழுதாகக் கழற்று என்பது ஒன்று. மீட்டர்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த ஓட்டை வழியாகவும், பயணி பக்கம் குளோவ்பொக்ஸ் வழியாகவும் கையை விடு என்பது மற்றது. பாஸ் முதல் கட்சி. வெளிச்சம் இருக்கும், குழாய்கள் எப்படி உட்காருகின்றன என்று கண்ணால் பார்க்கலாம், கண்ணாடிக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் டிமிஸ்டர் குழாய்களையும் அந்தச் சாக்கில் மாற்றிவிடலாம் என்பது அவர் வாதம். எல்லாம் சரிதான். ஆனால் என் வயதுள்ள எம்ஜிபியில் எண்ணெய் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் ஒரே மீட்டரில் இருக்கும். சூட்டைக் காட்டும் பாதிக்கு வயர் கிடையாது. ஈதர் நிரப்பிய மெல்லிய செப்புக் குழாய் ஒன்று எஞ்சினிலிருந்து நேராக மீட்டருக்கு வருகிறது. அது ஒருமுறை மடிந்து உடைந்தால் மீட்டரின் கதை முடிந்தது. டேஷ்போட்டை இழுக்கும்போது முதலில் மடிய நிற்பது அதுதான். வைப்பரைச் சரிபண்ணப் போய் மீட்டரைப் பறிகொடுப்பது மூக்குச் சளிக்குப் பயந்து மூக்கை அறுத்த கதை.

அதனால் நான் ஓட்டை வழியே போனேன். முதலில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பை எடுத்தேன். இருக்கையை வெளியே தூக்கி வைத்தேன். தலை கீழே, கால் மேலே. இடையில் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, “என்னடா இது, காரு உன்ன முழுங்கிருச்சா?” என்று கேட்டுவிட்டுக் கோப்பையைக் கூரைத் துணியின்மேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் ஆனது. இரும்பு டேஷ்போட்டின் உள்விளிம்பு கத்தி மாதிரி. நீளக் கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நட்டை விரல் நுனியில் கொண்டுபோக, சொக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸைத் தடவினால் விழாமல் ஒட்டிக்கொள்ளும். வெளியே உள்ள குரோம் நட்டைக் கழற்றும் முன் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டால் பெயின்ட் தப்பும்.

யாரும் சொல்லித்தராத ஒன்றைத் தவறு செய்துதான் கற்றேன். வீல்பொக்ஸின் பின்தட்டு, குழாய்களின் அகன்ற வாயை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. அதை முதலிலேயே இறுக்கிவிட்டு ரெக்கைச் செருகினால், குழாய் ஒரு மயிரிழை கோணியிருந்தாலும் ரெக் மாட்டிக்கொள்ளும். தட்டைத் தளர்வாக விட்டு, ரெக்கை முழுதும் ஓடவிட்டு, கையால் முன்பின் இழுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முதல் முறை நான் இறுக்கிவிட்டுச் செருகியதில் தராசு மூன்றரை காட்டியது, புதுப் பாகம் போட்டும். நெஞ்சு அடைத்துப்போனது. திரும்பத் தளர்த்தி இறுக்கியதும் இரண்டுக்குக் கீழே இறங்கியது.

இப்போது என் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இந்த வரிசை: முதலில் தராசு, அப்புறம் அரைச் சுற்று. தண்டும் ஆடினால் நேராகப் புது வீல்பொக்ஸ். லேத் வேலையும் பழைய பாகமும் மலிவுதான், ஆனால் அவை சறுக்கினால் அதே ஓட்டைக்குள் இன்னொரு தரம் தலைகீழாகப் போக வேண்டும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

பழைய மோட்டரையே விட்டுவிட்டேன். சித்திரையில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்க்க நுவரெலியாவுக்குப் போனபோது நானுஓயாவில் வழக்கம்போல மூடுபனியும் தூறலும். ஒரே வேகம்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. பக்கத்து இருக்கையில் பாஸ். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஹீட்டர் வேலை செய்யுதா தம்பி?” என்று கேட்டார். செய்யவில்லை.