எந்தக் கடல்தேளைக் களமிறக்குவது: யேக்கலாப்டெரஸா, ஸ்லைமோனியாவா, ஹிபர்ட்டாப்டெரஸா?

கற்பனை உலக ரோல்பிளேயிங் ஆட்டங்களில் கடல்தேளை அரக்க உயிரினமாகக் கொண்டுவர விரும்பும் கேம் மாஸ்டர்கள், அதாவது கதையையும் விதிகளையும் நடத்திச் செல்பவர்கள், பெரும்பாலும் தரைத்தேளைப் பெரிதாக்கி, அதற்கு நீந்தும் திறனையும் கொடுக்கு நஞ்சையும் சேர்த்து நிறுத்திக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 46.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தடயம் காட்டி, 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் அற்றுப்போன யூரிப்டெரிட்களுக்கு, அதாவது கடல்தேள்களுக்கு, நஞ்சு இருந்ததாகச் சான்று எதுவும் இல்லை. நஞ்சை நீக்கிய பின்பும் மூன்று வகைகள் ஆட்டத்துக்குத் தக்கவையாக நிற்கின்றன. அவை ஆட்டக்காரர்களிடம் கேட்கும் முடிவுகள்தாம் வேறுபடுகின்றன.

பலரும் முதலில் நாடுவது யேக்கலாப்டெரஸ். ஜெர்மனியின் வில்வெராத் பகுதியில் கிடைத்த 46 சென்டிமீட்டர் நீள இடுக்கி ஒன்றை வைத்து, அவ்வுயிர் ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்று 2007இல் வெளியான ஆய்வு கணித்தது. கூர்மையான பார்வையும் முன்னோக்கி நீளும் இடுக்கியும் கொண்ட இதனைப் பதுங்கித் தாக்கும் வேட்டையாடியாக அமைப்பதே பொருத்தம்: முதல் சுற்றில் ஒருவரைப் பற்றுதல், இரண்டாம் சுற்றில் ஆழத்துக்கு இழுத்தல், அதன் பிறகு மூச்சடக்கும் சோதனை. கடலோரம்தான் வேண்டும் என்பதில்லை. இது முகத்துவாரங்களிலும் நன்னீரிலும் வாழ்ந்தது என்பதால் நிலத்தடி ஏரியிலும் தயங்காமல் வைக்கலாம். ஆனால் ஆட்டக்காரர்கள் கரையிலேயே நின்றுவிட்டால் மோதல் அத்துடன் முடிந்துவிடும். பற்றி இழுக்கும் வேலையை முதலையும் ராட்சத ஆக்டோபஸும் ஏற்கெனவே செய்துவருகின்றன என்பது இதைவிடப் பெரிய குறை. இதே குடும்பத்தைச் சேர்ந்த அக்யூட்டிராமஸைத் தேர்ந்தெடுத்து ஏமாற வேண்டாம். அதன் கண்கள் மங்கலானவை, அதன் இடுக்கிகள் கடினமான ஓட்டை உடைக்க வலுவற்றவை என்று ஆய்வுகள் கருதுகின்றன.

ஸ்காட்லாந்தின் லெஸ்மஹாகோ பகுதியில் சிலூரியன் காலப் பாறைகளில் கிடைக்கும் ஸ்லைமோனியாவின் வலிமை வாலில் இருக்கிறது. ரம்பம் போன்ற பற்கள் ஓரங்களில் அமைந்து முனையில் கூராக முடியும் அகன்ற தட்டை வாலைப் பக்கவாட்டில் வீசி இரையை வெட்டியிருக்கலாம் என்று 2017இல் இரு ஆய்வாளர்கள் முன்வைத்தனர். தரைத்தேளின் வால் தலைக்கு மேலாக வளைந்து குத்துகிறது. இதுவோ கிடைமட்டமாகச் சுழல்வதால், இடுப்பளவு நீரில் முன்னால் நிற்கும் கேடயக்காரர் பின்னால் வருபவர்களுக்கு மறைப்பாக இருக்க முடியாது. வாலின் வீச்சில் நிற்கும் அனைவரும் தப்பும் பகடை உருட்ட வேண்டும் என்று விதி வைத்தால், யார் எங்கே நிற்பது என்பதே போராட்டமாகிவிடும். ஏறத்தாழ 1 மீட்டர் நீளமே கொண்டது என்பதால் மூன்று நான்கை ஒன்றாகவும் இறக்கலாம். ஒரே ஒரு மோதலுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் தேர்வு இதுவே.

ஹிபர்ட்டாப்டெரஸைப் போரில் நிறுத்துவது வீண். முன்கால்களிலிருந்த முள்ளமைப்பால் சேற்றைக் கோதிச் சிறு உயிர்களைத் தின்ற இதற்கு, வாளேந்தியவர்மீது பாய என்ன காரணம் இருக்கும்? இருப்பினும் தரையில் நடந்ததற்கு வலுவான சான்றுள்ளது இதற்குத்தான்: ஏறத்தாழ 33 கோடி ஆண்டுப் பழமையான, 6 மீட்டர் நீளமும் ஏறக்குறைய 1 மீட்டர் அகலமும் உள்ள தடம் ஒன்று ஸ்காட்லாந்தில் பதிந்திருப்பதாக 2005இல் அறிவிக்கப்பட்டது. தடத்தின் நடுவே வால் இழுபட்ட கோடும் உண்டு. நடை மெதுவாகவும் விட்டுவிட்டும் இருந்தது. ஆகவே ஆட்டக்காரர்கள் முதலில் அந்தத் தடத்தைக் காணட்டும், அளந்து அஞ்சட்டும். உரிய உயிரைச் சந்திக்கும்போது அதைக் கொல்வதா, விலகிச் செல்வதா என்று அவர்களே வாதாடட்டும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு விதியைச் சேர்க்கலாம். கணுக்காலிகளான இவை வளர்வதற்காக ஓட்டைக் கழற்றின. புதைபடிவங்களில் பல அப்படிக் கழற்றப்பட்ட வெற்று ஓடுகளே. நீர்நிலையின் ஓரத்தில் வெற்று ஓடு கிடந்து, தேடும் சோதனையில் அது புதியது என்று தெரிந்தால், அன்றைய நாள் முழுவதும் அந்த விலங்கின் ஆர்மர் கிளாஸை (அதைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணை) நான்கு புள்ளிகள் குறைத்துவிடுங்கள். மென்மையான உடலோடு இருக்கும் அது தானாகத் தாக்காமல் ஒளிந்துகொள்ளவே முயலும்.