ரேஸுக்கு முன்னாடி பாட்டா, மனசுக்குள்ள நீந்திப் பாக்குறதா?

நீச்சல் போட்டில ரேஸுக்குக் கூப்பிடற வரைக்கும் காத்திருக்கற கால் ரூம்ல (call room) உக்காந்திருக்கற அந்த கொஞ்ச நேரம் இருக்கே, ரேஸ விட அதுதாங்க கொடுமை. ஸூட் இறுக்கிப் பிடிக்கும், கை சில்லுன்னு ஆயிடும், பக்கத்து லேன்காரன் காகிள்ஸ் ஸ்ட்ராப்ப பட்டு பட்டுனு இழுத்து விட்டுட்டே இருப்பான், அத கேக்க கேக்க நமக்கு வயித்த கலக்கும். அப்ப மனச எப்படி வச்சுக்கறதுன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஒரு கோஷ்டி ஹெட்போன் கோஷ்டி. குத்துப் பாட்ட போட்டு வெறி ஏத்திக்கிட்டு, குதிக்கற மேடை இருக்கே, அந்த பிளாக்ல ஏறுவாங்க. 50 மீட்டர்னா எனக்கும் ஓகே, அதுல யோசிக்க எங்க நேரம். ஆனா 200க்கு இதே சூட்டோட குதிச்சா முதல் 50 பறக்கும், மூணாவது 50ல கை கல்லாயிடும், அனுபவிச்சவன் சொல்றேன்.

இன்னொரு கோஷ்டி மனசுக்குள்ளயே ரேஸ ஓட்டிப் பாக்குறவங்க. இதுக்கு எல்லாரும் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸத்தான் இழுப்பாங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ், 200 மீட்டர் ஃபிளை (பட்டர்ஃபிளை), குதிச்சதும் காகிள்ஸ்ல தண்ணி ஏற ஆரம்பிச்சு கடைசில சுவரே தெரியல, மனுஷன் ஸ்ட்ரோக்க எண்ணியே வந்து 1 நிமிஷம் 52.03 செகண்ட்ல உலக சாதனையோட தங்கம் அடிச்சாரு. கோச் பாப் பௌமன் சின்ன வயசுலயே தூங்கப் போறப்பவும் எந்திரிச்சதும் ரேஸ படமா ஓட்டச் சொல்லி பழக்கியிருந்தாரு, அதுல சொதப்பறதும் சேத்தி. நம்மாளுங்க என்னடான்னா மெடல் வாங்கற சீன மட்டும் ஓட்டறாங்க, அது வெறும் பகல் கனவுதான்.

இதுல வேடிக்கை, ஹெட்போன் கோஷ்டியும் அதே ஃபெல்ப்ஸத்தான் காட்டும், அவரும் அப்பல்லாம் காதுல மாட்டிக்கிட்டுத்தான் வருவாரு. என்னக் கேட்டா பாட்டு வெளிச் சத்தத்த அடைக்க மட்டும்தான், மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கற வேலை அதுக்கு மாசக்கணக்கா முன்னாடியே முடிஞ்சிருக்கணும். முதல் நாள் ராத்திரி உக்காந்து ஓட்டிப் பாத்தா தூக்கம் போறதுதான் மிச்சம்.

மூச்சுப் பயிற்சி? மெதுவா இழுத்து அத விட மெதுவா விடறது நல்லதுதான், படபடப்பு இறங்கும். ஆனா வேக வேகமா புஸ் புஸ்னு ஊதறத மட்டும் செய்யாதீங்க, உடம்புல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு மூச்சு வேணும்ங்கற உணர்வே லேட்டாகும், தண்ணிக்குள்ள மயக்கம் போட்டுடலாம்.

நான் இப்ப வாரம் ஒரு தடவ காகிள்ஸ்ல வேணும்னே தண்ணி விட்டுக்கிட்டு ஒரு 100 போடறேன். கண்ணு எரியுது, கோச் சிரிக்கறாரு, ஆனா சுவருக்குக் கொஞ்சம் முன்னாடி குளத்துக்கு மேல தொங்கற கொடி தாண்டி எத்தனாவது ஸ்ட்ரோக்ல சுவர் வரும்னு கைக்கே தெரியுது.