வீட்டாபிக்ஸ்: உப்புசக்காரர்களுக்கு எத்தனை பிஸ்கட்?

வீட்டாபிக்ஸ் என்பது பாலில் ஊறவைத்துச் சாப்பிடும் கோதுமை பிஸ்கட். பெட்டியின் பக்கவாட்டைப் படித்தால் குறை சொல்ல இடமில்லை. 95 சதவீதம் முழுக் கோதுமை. மீதி பார்லி மால்ட் சாறு, கொஞ்சம் சர்க்கரை, உப்பு, சேர்க்கப்பட்ட வைட்டமின்கள், இரும்புச்சத்து. 100 கிராமில் சர்க்கரை 4.2 கிராம்தான், நார்ச்சத்து 10 கிராம். நல்ல வயிற்றுக்கு நல்ல காலை உணவு.

ஐபிஎஸ் (வலி, உப்புசம் என்று அடிக்கடி படுத்தும் குடல் கோளாறு) உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. பழியை எல்லோரும் கோதுமையின் புரதமான குளூட்டன் மேல் போடுகிறார்கள். பெரும்பாலும் தொல்லை தருவது கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது, வாயு சேர்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ‘லோ ஃபாட்மேப்’ உணவுமுறையில் (குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் முறை) தொடக்கத்தில் 2 முதல் 6 வாரம் கோதுமையை ஒதுக்கச் சொல்வது இதனால்தான். அந்த வாரங்களில் இந்தப் பெட்டி வேண்டாம்.

சூடான பாலில் குழைய ஊறவைத்தால் சரியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஃப்ரக்டான் நீரில் கரையும். பாஸ்தாவை வேகவைத்து வடிக்கும்போது கொஞ்சம் தண்ணீரோடு போகும். இங்கே ஊறிய பாலையும் சேர்த்தல்லவா குடிக்கிறோம்!

அந்த வாரங்கள் முடிந்ததும், எவ்வளவு கோதுமை வயிறு தாங்கும் என்று பார்க்கும் அடுத்த கட்டமான சோதனைக்குத்தான் இது வசதி. ஒரு பிஸ்கட் சுமார் 19 கிராம், அளக்கவே வேண்டாம். முதல் நாள் அரை, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு. வலியோ உப்புசமோ அதிகமானால் அந்த அளவோடு நிறுத்துங்கள். மற்ற சாப்பாடு பழைய கட்டுப்பாட்டிலேயே இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது பாலில். 125 மில்லி பசும்பாலில் கிட்டத்தட்ட 6 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) இருக்கிறது. அதுவும் சிலருக்கு உப்புசம் தரும். வயிறு உப்பினால் கோதுமையா, பாலா என்று எப்படித் தெரியும்? லாக்டோஸ் நீக்கிய பாலை ஊற்றுங்கள். தேன், மாம்பழம், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் கூடாது. நான்கைந்து ஸ்ட்ராபெர்ரி போதும்.

குளூட்டன் பட்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகள் இதைத் தொடவே கூடாது. கோதுமை, பார்லி இரண்டிலும் குளூட்டன் உண்டு. சீலியாக் சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

சோதனைக்கு மொத்தம் மூன்றரை பிஸ்கட்தான் தேவை. மலிவு என்று 72 பிஸ்கட் பெட்டியைத் தூக்கி வந்துவிடாதீர்கள். 12 இருக்கும் சின்னப் பெட்டி தாராளம்.