வேலை பாக்கும்போது காதுல என்ன ஓடணும்? ஆறு மாசம் மைநாய்ஸ் யூஸ் பண்ண அனுபவம்

ஆறு மாசமா தினமும் நாலஞ்சு மணி நேரம், மழை, கடல் மாதிரி பின்னணி சத்தம் குடுக்கிற மைநாய்ஸ் வெப்சைட்ட ஓட விட்டுத்தான் வேலை பாக்குறேன், அதனால இப்ப எழுதினா சரியா இருக்கும்னு தோணுது. முதல் வாரத்துலயே எழுதிருந்தா வெறும் பாராட்டாத்தான் இருந்திருக்கும்.

என் வேலை மொழிபெயர்ப்பு. ஒரு வாக்கியத்த தலைக்குள்ள பிடிச்சு வச்சிக்கிட்டே இன்னொரு மொழியில அத கட்டணும், நடுவுல யாராவது ரெண்டு வார்த்தை பேசினாலே போதும், கட்டினது மொத்தமும் உதிர்ந்துடும், மறுபடி மேல இருந்து படிக்கணும். வீட்ல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு இது புரியும், பக்கத்து ரூம் டிவி, மேல் மாடி பேச்சு, யாரோ போன்ல சத்தமா பேசிட்டே போறது. டிரில்லிங் மிஷின் சத்தம்கூட அரை மணி நேரத்துல பழகிடுது, பேச்சுதான் பழகவே மாட்டேங்குது.

ரொம்ப வருஷமா பிடிச்ச பாட்டு போட்டுத்தான் வேலை பாத்தேன். மூடு நல்லா ஆகும், அது உண்மை. ஆனா பல்லவி முடிஞ்சு சரணம் ஆரம்பிக்கிற இடத்துல கை தானா நின்னுடும், அதே வரிய மூணாவது தடவ படிச்சிட்டு இருப்பேன். அப்புறம் மொழி தெரியாத பாட்டு போட்டா தொந்தரவு இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு அதையும் செஞ்சு பாத்தேன், கொஞ்சம் பரவால்ல, ஆனா முழுசா சரியாகல. ஏன்னு தேடிப் படிச்சப்பதான் 1976-ல வந்த ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டுச்சு. எழுத்துகள வரிசையா ஞாபகம் வச்சிக்கிற சோதனை, பின்னாடி ஜெர்மன் மொழியில யாரோ வாசிக்கிற சத்தம், கேட்டவங்களுக்கோ ஜெர்மன் தெரியாது, அப்படியும் ஞாபகத்துல தப்பு கூடிடுச்சு. அதாவது அர்த்தம் புரியணும்னே இல்ல, பேச்சு மாதிரி மாறிக்கிட்டே இருக்கிற சத்தம் காதுல விழுந்தாலே மூளை அத விடாம பின்தொடருது. ஒரே மாதிரி ஓடுற சத்தம் அந்த அளவுக்கு கெடுக்கிறதில்லன்னு அதுக்கு அப்புறம் வந்த ஆராய்ச்சிகளும் சொல்லுது. இத படிச்சப்புறம்தான் நான் தேட வேண்டியது நல்ல பாட்டு இல்ல, மாறாத சத்தம்னு புரிஞ்சது.

நடுவுல கான்சன்ட்ரேஷனுக்குன்னே வந்த ஒரு ஆப்புக்கும் காசு கட்டினேன், பேர் வேணாம். பியானோ மெதுவா போயிட்டு இருக்கும், திடீர்னு அடுத்த டிராக் ரெண்டு மடங்கு சத்தத்துல ஆரம்பிக்கும், நெஞ்சு படபடன்னு ஆகிடும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ உங்க ஃபோகஸ் எப்படி இருக்குன்னு நோட்டிஃபிகேஷன் வேற. ஃபோகஸ கெடுக்கிறதே அதுதான்னு எழுதி அனுப்பிட்டு கேன்சல் பண்ணிட்டேன்.

சரி மைநாய்ஸுக்கு வரேன். பெல்ஜியத்த சேர்ந்த ஸ்டெஃபான் பிஜான்ங்கற ஒலி இன்ஜினியர் 2013-ல ஆரம்பிச்சது. விளம்பரம் கிடையாது, கேக்குறவங்க குடுக்கிற நன்கொடையிலதான் ஓடுது. மழை, கடல், ஓடுற ரயில் பெட்டிக்குள்ள கேக்குற சத்தம், ஆள் நிறைஞ்ச காஃபி ஷாப், இப்படி ஏகப்பட்டது இருக்கு. ஆனா எனக்கு முக்கியம் அந்த எண்ணிக்கை இல்ல, ஒவ்வொரு சத்தத்துக்கும் கீழ இருக்கிற 10 ஸ்லைடர். மழைனா அடித்தொண்டையில உறுமுற கனமான சத்தத்துல இருந்து சொட்டு தெறிக்கிற மெல்லிசான சத்தம் வரைக்கும் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்காங்க, எது வேணுமோ ஏத்திக்கலாம், எது உறுத்துதோ இறக்கிக்கலாம். ரெக்கார்ட் பண்ண மழை வீடியோல கொஞ்ச நேரத்துல அதே இடி அதே இடத்துல வரும், காது அத கண்டுபிடிச்சிடும், கண்டுபிடிச்சதும் அடுத்த இடிக்கு காத்திருக்க ஆரம்பிச்சிடும். இங்க அந்த பிரச்சனை எனக்கு ஒரு நாளும் வரல.

இன்னொன்னு, நம்ம காதுக்கு ஏத்த மாதிரி கேலிபிரேட் பண்ற வசதி. ஒவ்வொரு அலைவரிசையும் (தாழ்வான உறுமல்ல இருந்து கீச்சுன்னு கேக்குற சத்தம் வரைக்கும்) எந்த அளவுல லேசா கேக்க ஆரம்பிக்குதுன்னு நாமளே வச்சு காட்டணும், அத வச்சு சத்தத்த சமப்படுத்திக்கும். அமைதியான நேரமா பாத்து, நீங்க தினமும் போடுற ஹெட்ஃபோன்லயே பண்ணுங்க. எனக்கு அப்புறம் மேல் சுருதி இரைச்சல் நல்லாவே அடங்கிடுச்சு, சாயந்தரம் வர்ற காது களைப்பும் குறைஞ்சிருக்கு.

ஒரே சீரா ஓடுற இரைச்சல்லயே வொயிட் நாய்ஸ், பிங்க் நாய்ஸ், பிரௌன் நாய்ஸ்னு வகை இருக்கு, கேக்குறதுக்கு குழப்பமா இருக்கும், விஷயம் சின்னதுதான். வொயிட்ல எல்லா அலைவரிசையும் ஒரே பலத்துல இருக்கும், அதனால காதுக்கு ஸ்ஸ்ஸுன்னு கூர்மையா கேக்கும். பிங்க்ல ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அலைவரிசை ரெண்டு மடங்கா ஏறுற ஒவ்வொரு தடவையும், பலம் 3 டெசிபல் குறைஞ்சிட்டே போகும், மழை மாதிரி இருக்கும். பிரௌன்ல 6 டெசிபல் குறையும், தூரத்துல அருவி விழுற மாதிரி கனமா இருக்கும். (பிரௌன்னா நிறம் இல்ல, பிரௌனியன் இயக்கத்துக்கு பேர் குடுத்த ராபர்ட் பிரௌன்.) எல்லாரும் பிரௌன்தான் சூப்பர்னு சொல்றாங்க, கேக்க சுகம்தான், ஆனா பேச்சு சத்தத்த மறைக்க அது மட்டும் பத்தாது. பேச்சு நமக்கு புரிய வைக்கிற பகுதி பெரும்பாலும் 500-ல இருந்து 4000 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கு, பிரௌன்ல அந்த பகுதி ரொம்ப மெலிசு. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோனும் ஏசி, இன்ஜின் மாதிரி தாழ்வான உறுமல நல்லா எடுத்துடும், பேச்ச அவ்வளவா எடுக்காது. அதனால நான் கேன்சலிங்க ஆன் பண்ணிட்டு பிங்க்குக்கு பக்கமா மழைய வச்சிக்கிறேன், நடு ஸ்லைடர் ரெண்டு மூணு மட்டும் தூக்கலா. மேல் மாடி பேச்சு அப்பவும் கேக்கும், ஆனா வார்த்தை பிரியாது, வார்த்தை பிரியலன்னாலே வேலை தப்பிச்சிடும்.

சத்தத்த எவ்வளவு வைக்கணும்ங்கறதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. வெளிச் சத்தத்த முழுசா அழிக்கணும்னு ஏத்திட்டே போகாதீங்க ப்ளீஸ். உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்கு சொல்ற கணக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். நம்ம முழு வேலை நேரமே அவ்வளவுதான், அதனால அதுக்கு ரொம்ப கீழ இருக்கணும். ஹெட்ஃபோன் போட்டிருக்கும்போது பக்கத்துல ஒருத்தர் சாதாரணமா கூப்பிட்டா கேக்கணும், அந்த அளவு போதும்.

ஆனா எல்லா வேலைக்கும் இதே சத்தம்னு சொல்ல மாட்டேன். பில் போடுறது, ஃபைல் பேர் மாத்துறது, டேபிள் நிரப்புறது மாதிரி கை மட்டும் ஓடுற வேலைக்கு வெறும் மழை போட்டா எனக்கு தூக்கம் வந்துடும், அதுக்கு லோ-ஃபை நல்லா இருக்கு. யூட்யூப்ல லோ-ஃபை கேர்ள் மாதிரி 24 மணி நேரமும் ஓடுற ஸ்ட்ரீம் இருக்கு, பாடற குரல் இருக்காது, மெதுவான தாளம், ஒரே துண்டு திரும்பத் திரும்ப. அந்த வேலைக்கு பாட்டு போட்டாலும் தப்பில்ல, தாராளமா போடுங்க. எழுதுறது படிக்கிறதுன்னு வந்துட்டா மட்டும் வார்த்தை உள்ள வரக்கூடாது.

மொசார்ட் கேட்டா மூளை வளரும்னு யாராவது சொன்னா நம்பி பிளேலிஸ்ட் வாங்காதீங்க. 1993-ல வந்த அந்த ஆராய்ச்சி 36 கல்லூரி மாணவங்கள வச்சு பண்ணது, 10 நிமிஷம் கேட்டுட்டு அப்புறமா இடம் வடிவம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு பதில் சொன்னாங்க, பலன் கால் மணி நேரத்துக்கு மேல நிக்கல. வேலை பாத்துட்டே கேக்குறத பத்தி அதுல எதுவுமே இல்ல.

புதுசா போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், முதல் நாள் உள்ள போனா எல்லா சத்தத்தையும் கேட்டு பாக்கணும்னு ஆசை வரும், அத லீவு நாள்ல வச்சிக்குங்க. ரெண்டே ரெண்டு செட்டிங் பிடிச்சு சேவ் பண்ணிக்குங்க, வேலை ஆரம்பிச்சப்புறம் அந்த டேப் பக்கமே போகாதீங்க. சரியான சத்தம்தானான்னு நான் பாக்குறது இப்படித்தான்: ஒரு மணி நேரம் கழிச்சு ஹெட்ஃபோன கழட்டும்போது, அட இது ஓடிட்டா இருந்துச்சுன்னு தோணினா அது எனக்கான சத்தம், நல்லா இருந்துச்சேன்னு தோணினா அது வேலைக்கானது இல்ல, அத ராத்திரிக்கு எடுத்து வச்சிக்கிறேன்.

5-க்கு 4.5 குடுப்பேன். அர குறைச்சது இசையே வேணும்ங்கறவங்களுக்கு இது சரிப்படாதுங்கறதால மட்டும்தான். இந்த ரிவ்யூ முழுக்க மழைதான் ஓடிச்சு, நடு ஸ்லைடர் ரெண்டையும் இன்னிக்கு கொஞ்சம் இறக்கி வச்சிருக்கேன், மேல் மாடில ஊருக்கு போயிருக்காங்க.