சேகோ ஆலைத் தொட்டிக்கு ரேடார்: ரெடிமேடா, மாட்யூலா?

ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றில் குச்சிக்கிழங்குப் (மரவள்ளி) பால் நிற்கும் தொட்டி, 4 மீட்டர் ஆழம். மட்டம் எவ்வளவு என்று அறையில் உட்கார்ந்தே தெரிய வேண்டும். இதற்குக் கடையில் முழுசாகக் கிடைக்கும் ரெடிமேட் ரேடாரை வாங்குவதா, ரேடார் சிப் இருக்கும் பலகையை (மாட்யூல்) வாங்கி நாமே சென்சார் கட்டுவதா?

ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக்கை முதலிலேயே கழித்துவிடலாம். காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். அதைச் சரிக்கட்ட சென்சாருக்குள் வெப்பமானி இருக்கிறதுதான். ஆனால் பங்குனி வெயிலில் சென்சாரின் தலை கொதிக்கும், தொட்டிக்குள் குளுகுளு என்றிருக்கும். 15 டிகிரி பிசகினால் 4 மீட்டரில் 10 சென்டிமீட்டர் போச்சு. ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பும் ரேடாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரெடிமேட் என்றால் 80 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர். அலைநீளம் 4 மில்லிக்கும் குறைவு, அதனால் சின்ன லென்ஸிலேயே கற்றை ஒடுங்கி இறங்கும். ஏணி, குழாய் மேல் அவ்வளவாகப் படாது. இரண்டு ஒயர், 24 வோல்ட், மட்டத்தை 4-20 மில்லிஆம்ப் மின்னோட்டமாகச் சொல்லும். காலித் தூரம், நிறைந்த தூரம் இரண்டையும் கொடுத்து, காலித் தொட்டியின் பொய் எதிரொலியை (ஏணி, குழாயில் பட்டு வருவது) பதிந்துவிட்டால் வேலை முடிந்தது. விலைதான் மாட்யூலைப் போலப் பல மடங்கு.

மாட்யூலில் 24 கிகாஹெர்ட்ஸை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். 24 முதல் 24.25 வரையிலான அந்த 250 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையில் 60 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இரண்டு பொருளைப் பிரித்தறிய முடியாது. ஆள் நடமாட்டம் பார்க்க அது போதும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஐடபிள்யூஆர்6843 போன்றவை 60-64ல் 4 கிகாஹெர்ட்ஸ் பட்டை தருகின்றன. அங்கே 4 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே பிரிந்து தெரியும்.

ஆனால் சிப் வாங்கினால் சென்சார் ஆகிவிடாது. ஆன்டெனாவுக்கு முன்னால் வரும் மூடியை பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் 2.5 மில்லி கனத்துக்கு வெட்டினேன். அலை மூடியிலேயே முட்டித் திரும்பி, கிட்டத்தில் ஒரு பெரிய முகடாக நின்றது. பிளாஸ்டிக்குக்குள் அரை அலைநீளம் ஏறக்குறைய 1.7 மில்லி, மூடி அந்தக் கனமோ அதன் மடங்கோ இருக்க வேண்டும். நான் வெட்டியது 1.7க்கும் அதன் இரண்டு மடங்குக்கும் நட்டநடுவே, இருப்பதிலேயே மோசமான கனம். (கடையில் கிடைத்த ஷீட் அதுதான், வேறென்ன.)

அப்புறம் சப்போர்ட். ராத்திரி 11 மணிக்கு, “தம்பி, தொட்டி காலி, ஆனா பாதி காட்டுதே” என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் கூப்பிட்டார். பால் இறங்கியதும் கலக்கியின் இலை வெளியே தெரிந்து, ரேடார் அதையே மட்டமாக எடுத்துக்கொண்டிருந்தது. ரெடிமேடில் அதற்கு மெனு உண்டு. என் ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் நான் எழுதி ஏற்றிய மென்பொருள்) நான்தான் மெனு. லேப்டாப்போடு பைக்கை எடுத்தேன். இப்போது எவ்வளவு பலமான எதிரொலியை மட்டமாக எடுப்பது, எத்தனை நேரத்துக்குச் சராசரி பார்ப்பது எல்லாம் ஆர்எஸ்485 ஒயரில், மோட்பஸ் என்ற தகவல் முறை வழியே, தூரத்திலிருந்தே மாற்றும்படி வைத்திருக்கிறேன்.

பம்ப்பை நிறுத்தவும் ஓட்டவும் அந்த அளவைத்தான் நம்புவீர்கள் என்றால் ரெடிமேடுதான், யோசிக்க வேண்டாம். காய்ந்த மாவுத் தொட்டிக்கும் அதுவே: மாவு அலையைச் சரியாகத் திருப்பாது, மேல்பரப்பும் சரிந்து கிடக்கும். பத்துப் பதினைந்து பால் தொட்டிகளை போனில் பார்த்தால் மட்டும் போதும் என்றால் மாட்யூல் கட்டுப்படியாகும். ஒன்றிரண்டை ஃபர்ம்வேர் ஏற்றி ஸ்பேராக வைத்துவிடுங்கள். என்னுடையவை அண்ணனின் மேசை டிராயரில் இருக்கின்றன. கூடவே ஒரு அட்டையில் ஒவ்வொரு தொட்டியின் எண்ணும் காலித் தூரமும், மார்க்கரில்.