வீடில்லாதவர்களுக்காகத் திரட்டிய 1,86,400 ரூபாயை இழந்த கதை

காரைக்குடிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடை வாசல்களில் இரவு படுத்துக்கொள்ளும் பெண்களை, ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஒரு கூரைக்குக் கீழே சேர்த்துவிட வேண்டும் என்று நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து, புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு பலகார விழா நடத்தினோம். இப்போது மழை பிடித்துவிட்டது. அந்தப் பெண்கள் இன்னும் கடை வாசலில்தான் இருக்கிறார்கள். விழாவில் திரண்ட 1,86,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூட எங்கள் கைக்கு வரவில்லை.

பணம் போனது ஓர் இணையதளத்துக்கு. பெயரை எழுத வேண்டாம் என்று உறவினரான வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். விழாக்களுக்கு நுழைவுச்சீட்டு விற்றுத் தருவதாகவும், கடைகளுக்கு க்யூஆர் அட்டை தருவதாகவும், நன்கொடையை வசூலித்து நம் கணக்கில் சேர்ப்பதாகவும் சொல்லிக்கொண்டு சிற்றூர்களில் ஆள் வைத்துச் சுற்றுகிற வகையைச் சேர்ந்தது என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் திட்டமிட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் நூறு பேர் தங்கும் இல்லங்கள் வேண்டும் என்று 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் சொன்னது. 2011 கணக்கெடுப்பிலேயே நாடு முழுவதும் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவ்வளவு பெரிய கணக்கை நாங்கள் தொடவில்லை. பத்துப் பெண்களுக்கு, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு வீடு, குளிக்க ஓர் இடம், குடும்ப அட்டைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் எழுதிப் போட ஒரு முகவரி, இவ்வளவுதான். முன்பணம் 60,000, மாத வாடகை 9,000 என்று ஒரு வீட்டைப் பேசியும் வைத்திருந்தோம். (நூறு கதவுகள் கொண்ட வீடுகள் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு ஊர்களுக்கு நடுவில் வாடகை வீடு தேடி அலைந்தோம் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பங்காளிகள் பத்துப் பேர் பத்து ஊரில் இருக்கும்போது சாவியை யாரிடம் கேட்பது?)

அந்தத் தளத்தின் முகவர் விழாவுக்கு இருபது நாட்களுக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பை முகப்பிலேயே கழற்றிவிட்டு வந்து பட்டாலையில் உட்கார்ந்தார். நான் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி எந்தக் கோவில்?" என்பது. எந்தக் குலக்கோவிலைச் சேர்ந்தவர் என்று அறிய நகரத்தார்களாகிய நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர் யாரும் கேட்க மாட்டார். நான் "இளையாத்தங்குடி" என்று பதில் சொன்ன அந்த நொடியிலேயே எங்கள் பணம் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது. பிறகு அவர் சொன்ன எதையும் நான் காகிதத்தில் கேட்கவில்லை. கட்டணம் ஐந்து விழுக்காடு மட்டும், முன்பணம் வேண்டாம், விழா முடிந்து மூன்று வேலை நாட்களில் பணம் கணக்கில் வந்துவிடும், கொடுத்தவர்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதும் தானாகவே போய்விடும் என்று அடுக்கிக்கொண்டே போனார். எங்கள் குழு பதிவு செய்யப்படாதது என்று நான் தயங்கியபோது, "எங்கள் தளத்தின் பதிவே போதும் ஆச்சி, தர்ம காரியத்துக்கு இவ்வளவு யோசிக்கலாமா?" என்றார். உண்டியல் வைப்பது பழைய பழக்கம், கணக்கு குழம்பும் என்றும் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே ஓர் உண்டியலை மட்டும் வாசலில் வைத்தேன்.

விழா நன்றாகவே நடந்தது. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் ஏழு மணிக்கே தீர்ந்து, கவுனி அரிசிக்கு வரிசை நின்றது. மணகோலமும் சீப்புச் சீடையும் சுட்டு ஏழு நாள் வேலை செய்த ஆச்சிமார்கள் எண்ணெய்க்குக்கூடப் பணம் வாங்கவில்லை. நுழைவுச்சீட்டு 420 பேர், தலைக்கு 200 ரூபாய் வீதம் 84,000. கடைகளில் விற்றது 71,900. தனியாக வந்த நன்கொடை 30,500. மொத்தம் 1,86,400. உண்டியலில் விழுந்தது 11,350 ரூபாய். கையில் மிஞ்சியது அந்த உண்டியல் பணம் ஒன்றுதான்.

அன்று மாலை பணியாரக் கடையில் நின்ற ஒரு தம்பி, "ஆச்சி, பணம் அனுப்பும்போது யாரோ ஓர் ஆளின் பெயர் காட்டுகிறதே" என்று கேட்டார். கூட்டத்தில் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது அவங்க கம்பெனிக்காரர் பேரா இருக்கும், அனுப்புங்கப்பா" என்றேன். இது என் வாயால் நான் சொன்னது.

மூன்று வேலை நாட்கள் கழிந்தன. இணையதளத்தின் உரையாடல் பெட்டியில் எழுதினால், "தங்கள் பொறுமைக்கு நன்றி, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரி, எழுத்து மாறாமல், பதினொரு முறை வந்தது. முகவரை அழைத்தேன். நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை என்றார். அடுத்த வாரம், சரிபார்ப்புக்காக எங்கள் அறக்கட்டளைப் பத்திரமும் 80ஜி ஒப்புதலும் வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. இல்லை என்று தெரிந்துதானே வந்தீர்கள் என்று கேட்டதற்கு, தான் விற்பனைப் பிரிவு மட்டுமே, சரிபார்ப்பு வேறு பிரிவு என்றார். அந்த வேறு பிரிவுக்கு தொலைபேசி எண்ணே கிடையாதாம்.

பதின்மூன்றாம் நாள், "பதிவில்லாத குழு" என்பதால் 8,000 ரூபாய் வைப்புத்தொகையும் அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,440 ரூபாயும் கட்டினால் மறுநாளே 1,86,400 ரூபாயும் விடுவிக்கப்படும் என்றார்கள். திருப்பித் தரப்போகும் வைப்புத்தொகைக்கு எதற்கு ஜிஎஸ்டி என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்காமல், என் சொந்தப் பணத்திலிருந்து 9,440 ரூபாயைக் கட்டினேன். எங்கள் அய்யா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். காலணா இடித்தால்கூட ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) ஒத்துவரும்வரை படுக்கப் போகமாட்டார் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். தர்மத்துக்கென்று ஒதுக்கும் மகமைப் பணத்தைத் தனி ஏட்டில் வைக்கும் வீட்டில் பிறந்துவிட்டு, ஊரார் தந்த தர்மப் பணத்தை முகம் தெரியாத ஒருவர் கணக்கில் நானே போட வைத்திருக்கிறேன்.

பதினெட்டாம் நாள் அவர் என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். "மேடம், நீங்கள் திரும்பத் திரும்ப அழைத்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று வைத்துவிட்டார். இருபத்திரண்டாம் நாள் எங்கள் விழாப் பக்கமே தளத்தில் இல்லை, எண்ணும் அணைந்துவிட்டது. இருபத்து நான்காம் நாள்தான் இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன். பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் அந்த வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். புகார் எண் ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளூரில் நேரில் முறையிடப் போன இடத்தில், நீங்களாக விரும்பிச் சேர்ந்ததுதானே, இது சிவில் விவகாரம் என்று சொல்லி, நாங்கள் கொண்டுபோன காகிதங்களைப் பிரித்தும் பார்க்கவில்லை.

பேசி வைத்த வீடு போன வாரம் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாதம் காத்திருந்தார். அங்கே குடிவர வேண்டிய மூதாட்டி ஒருவர், நான் பேருந்து நிலையம் பக்கம் போகும்போதெல்லாம் தன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். நான் இப்போது வேறு வழியாகப் போகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. க்யூஆர் அட்டையை முதலில் நீங்களே ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் காட்டும் பெயர் உங்கள் குழுவுடையதாகவோ நீங்கள் அறிந்த அறக்கட்டளையுடையதாகவோ இல்லையென்றால் அட்டையைக் கிழித்துப் போடுங்கள். 80ஜி ரசீது, ஒப்புதல் பெற்று நன்கொடையைப் பெறும் அமைப்பு கொடுப்பது. முகவர் வாக்குறுதியில் வருவதில்லை. நம் பணத்தை நமக்குத் தருவதற்கு யாராவது பணம் கேட்டால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள், என்னைப் போல நாள் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள்.

விழாவுக்கு வந்து பணம் அனுப்பியவர்கள், உங்கள் கைப்பேசியில் உள்ள பரிவர்த்தனை எண்ணையும் அதில் காட்டும் பெயரையும் படம் எடுத்து, நுழைவுச்சீட்டு வாங்கித் தந்த ஆச்சியிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். இதுவரை 63 பேர் தந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலைப் பேருந்தில் அவற்றை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரான சிவகங்கைக்கு முறையிடப் போகிறேன்.